பூட்டப்பட்ட விவாதம்

அந்தச் சமூக வலைத்தளத்தின் மென்பொருளை எழுதியவன் அவன்தான். அதை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தான். யாரும் எடுத்துத் தங்கள் சர்வரில் நடத்தலாம், குறை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம். ஆனால் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பது அவன் ஒருவன் கையில். கூட வேலை செய்தவர்கள் ‘பெரியவர்’ என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள். அவனுக்கு அது கிண்டலாகப் படவில்லை.

சாப்பாட்டு மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்து, பயனர்களின் புகார்களுக்கு அவன் மனைவி பதில் எழுதுவாள்.

ஒரு சொல்லைத் தட்டினால் எந்தச் சர்வரில் யார் எழுதியதும் அகப்படும் தேடல் வசதியை அவன் சேர்க்கப்போக, எதிர்ப்பு கிளம்பியது. வீட்டில் அடி தாங்காமல் வெளியேறிய பெண்களுக்காக நர்ஸ் ஒருத்தி தனியாக ஒரு சர்வர் நடத்திவந்தாள். தேடி அலைகிற புருஷன் இவர்களைக் கண்டுபிடித்துவிடுவான், விருப்பப்பட்டவர்களின் பதிவுகள் மட்டும் தேடலில் வரட்டும் என்று கேட்டிருந்தாள். பலரும் அதையே சொன்னார்கள்.

மனைவியும் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

“ஊரையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்தா ஒரு வேலையும் நடக்காது” என்று சொல்லிவிட்டு, தளத்தில் மேற்கொண்டு யாரும் கருத்து எழுத முடியாதபடி அவன் விவாதத்தைப் பூட்டினான். தேடல் வசதி வெளியாகி, பாராட்டும் குவிந்தது.

சில வாரங்களில் நர்ஸ் போன் செய்தாள். தையல் கடையில் வேலை பார்த்த ஒருத்தி, பெயரையும் ஊரையும் மறைத்தவள், மகளை மட்டும் பழக்கத்தில் ‘டுமீல்’ என்றே எழுதியிருக்கிறாள். புருஷன் அந்தச் செல்லப்பெயரைத் தேடி, அவள் பதிவுகளை வைத்துக் கடையை அடையாளம் கண்டிருக்கிறான். கடை வாசலுக்கே வந்து அவள் கையை உடைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

“நாங்க சொன்னோமே சார்” என்றாள். குரலை உயர்த்தவில்லை.

அவன் உடனே வசதியை நீக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டான். சர்வர் நடத்துகிறவர்களில் பலர் அதற்கு மாறவில்லை; கெஞ்சத்தான் முடிந்தது. பிறகு ஆலோசனைக் குழு ஒன்றை அறிவித்து நர்ஸையும் அழைத்தான்.

“கடைசி முடிவு யார் கையில இருக்கும்?” என்று அவள் கேட்டாள்.

அவன் தயங்கியதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மென்பொருளைப் பிரதி எடுத்துக்கொண்டு அவளும் இன்னும் சிலரும் தனியே போனார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு, ஓயாத வாக்குவாதம், ஆமை வேகம். அவன் மனைவியும் அவர்களோடு வேலை செய்யப் போய்விட்டாள்.

“என்மேல கோவமா?”

“கோவமில்ல. அங்க நான் சொல்றத காதுல வாங்குறாங்க.”

அதே மேஜையில்தான் இருவரும் உட்காருகிறார்கள். ஒருநாள் அவள் திரையில் ஒரு தவறு அவன் கண்ணில் பட்டது. சொல்ல வாயெடுத்தான்.

“எங்க விவாதத்துல எழுதிப் போடுங்க. மத்தவங்களும் பாக்கட்டும்” என்றாள், திரும்பாமலே.