வெட்டாத பெட்டி

கடையில் வாங்கிய எதையும் அந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது. கோர்ட்டில் அப்படி ஒரு விதி. பிரிந்துபோன அப்பாவோ அம்மாவோ சனிக்கிழமைதோறும் தங்கள் பிள்ளையைப் பார்க்க வருகிற அறை அது. முன்பு யாரோ ஒருவர் பேட்டரி கார் வாங்கி வந்தாராம். அதைப் பார்த்த இன்னொருவர் அடுத்த வாரம் சைக்கிளையே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாராம். அன்றோடு பொம்மை, சாக்லேட், துணிமணி எல்லாவற்றுக்கும் தடை. கத்தி, கத்தரிக்கோலுக்கும் தடை, அது வேறு காரணத்துக்காக. வீட்டில் வேண்டாமென்று கிடக்கிற முட்டை அட்டை, பழைய பேப்பர், தண்ணீர் பாட்டில் மாதிரி எதையாவது கொண்டுவந்து பிள்ளையோடு உட்கார்ந்து ஏதாவது செய்யலாம். அவ்வளவுதான் அனுமதி.

மற்ற அப்பாக்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. நான் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மாதிரிப் பெட்டி செய்கிறவன். மிக்ஸிக்கோ செருப்புக்கோ புதுசாகப் பெட்டி வேண்டுமென்றால், முதல் பெட்டி மெஷினில் வராது, என் கையில்தான் வரும். ஒரு நூல் பிசகினாலும் எனக்குத் தூக்கம் வராது. கம்பெனியில் என் பெயரே ஸ்கேல். "ஸ்கேலண்ணே, சாப்பாட்டு டப்பாவையாவது கோணலா வைங்களேன்" என்று கேலி செய்வார்கள்.

பாலில் விழுந்தது என்றேனே தவிர, சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். மகளும் அவள் அம்மாவும் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து எனக்குள் எதுவும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. காலையில் சுடச்சுட டீயைக் குடித்துவிட்டு, நாக்கு வெந்துபோனதை மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் கண்டுபிடிப்பேன். மரத்துப்போன காலை எறும்பு கடித்தால் யாருக்குத் தெரியும்? "ஒரு தடவை அழுதுடுடா, சரியாயிடும்" என்று அக்கா போனில் சொன்னாள். அழுகை என்ன, ஆர்டர் போட்டால் வருகிற சாமானா?

ஆனால் வேலை மட்டும் நடந்தது. வாரம் முழுக்கக் கழிவு அட்டையில் வெட்டுவேன். வீடு, பஸ், யானை, பேனா வைக்கிற கூடு. அறைக்குள் கத்தரிக்கோல் கூடாது என்பதால் ஒவ்வொரு துண்டையும் முன்கூட்டியே வெட்டி, மடிக்க வேண்டிய இடத்தில் கோடு அழுத்தி, பஸ் சக்கரத்துக்குப் பாட்டில் மூடியில் துளைகூடப் போட்டுக் கொண்டுபோவேன். அவள் மடித்துச் சொருகினால் போதும்.

"இது என்னப்பா?"

"பஸ்ஸு. இந்தக் காத அந்த ஓட்டைக்குள்ள சொருகு."

"ம்."

"அப்படி இல்ல பாப்பா. திருப்பு. இங்க குடு, நான் காட்டுறேன்."

"ம்."

கால்மணி நேரத்தில் பஸ் நின்றுவிடும். ஒரு மூலை தூக்காது, ஒரு பக்கம் சாயாது. பிறகு நானும் அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சுவரில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். கழுத்துப் பக்கம் காரை பெயர்ந்துவிட்டதால் தலை தனியாக இருந்தது. பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்பேன். நல்லாருக்கு என்பாள். ஏழு வயசுப் பிள்ளையிடம் அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் டைம் ஆன்ட்டி. எப்போதும் கைக்கடிகாரத்தில்தான் கண். நேரம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும், "அடுத்த வாரம் வரியா கண்ணு?" என்று கேட்பார். விதிப்படி கேட்டாக வேண்டும். மற்ற பிள்ளைகள் வரேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லும். என் மகள் தோளை மட்டும் குலுக்குவாள். குலுக்கலை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஆன்ட்டி என்னைப் பார்ப்பார். நான் ஒட்டகச்சிவிங்கியைப் பார்ப்பேன்.

ஒருநாள் அந்த அறையின் அலமாரியைத் திறந்தபோது நான் வெட்டிக் கொடுத்த அத்தனையும் உள்ளே வரிசையாக நின்றன. யாரோ ஒரு பையன் யானைமேல் பஸ்ஸை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு விதியா மேடம்?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணும் இல்லையே சார். நான் எடுத்துக்கோன்னு சொல்லிட்டேதான் இருக்கேன். உங்க பொண்ணுதான் இங்கயே இருக்கட்டும்னு வச்சிட்டுப் போயிடுது."

சரி என்றேன்.

பெரிய லீவு வந்தது. லீவில் ஒரு மாதம் மகளை என்னோடு அனுப்ப வேண்டுமென்று மனு போட்டிருந்தேன். எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றியது என்றால், அது ஒன்றுதான். அவளுக்கென்று அறையைப் பெருக்கி, கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். ஒரு மாதத்துக்குப் பொழுது போக வேண்டுமே என்று கப்பல், கோட்டை, ராட்டினம் எல்லாம் வெட்டிக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்தேன். மடித்தால் போதும், நிற்கும்.

ஜட்ஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். வக்கீல் எனக்குக் கம்பெனிக்குப் போன் செய்தார். நான் ஒரு குக்கர் பெட்டிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

"வரலைன்னு சொல்லிடுச்சு சார் குழந்தை."

"ஏன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அப்பா திட்டுவாரான்னு கேட்டதுக்கு இல்லையாம். அடிப்பாரான்னு கேட்டதுக்கும் இல்லையாம். 'அங்க நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் அப்பாவே செஞ்சிட்டாரு'ன்னு சொல்லுச்சாம்." வக்கீல் சிரித்தார். "சின்னப்புள்ளைங்க பேச்சு, விடுங்க. சனிக்கிழமை பாக்குறது அப்படியே இருக்கு. ஆனா குழந்தைக்கு விருப்பம் இருக்கிற வரைக்கும்தான்னு எழுதிட்டாங்க. அது வேணாம்னுடுச்சுன்னா அதுவும் நின்னுடும்."

இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்கள். என் பெண்ணை நான் ஈயாக உட்கார வைத்திருக்கிறேன் என்று புத்திக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர வலிக்கவில்லை. குக்கர் பெட்டியை முடித்தேன். அளவு சரியாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் எதையும் வெட்டவில்லை. திருந்திவிட்டேன் என்று யாரும் மாலை போட வேண்டாம். கை எழவில்லை, அவ்வளவுதான். வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காதே என்று கம்பெனி வாசலில் கிடந்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். லாரியிலிருந்து விழுந்து ஒரு மூலை நசுங்கிய பெட்டி. வேறு நாளாக இருந்தால் அதைக் காலால்கூடத் தொடமாட்டேன்.

மகள் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இது வெட்டலையாப்பா?"

"இல்லம்மா."

"கோடு?"

"போடலை."

"அப்ப இது என்னது?"

"பெட்டி."

நசுங்கிய மூலையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு மேல்மூடியில் ஒன்றைப் பிடித்து இரண்டு கையாலும் கிழிக்க ஆரம்பித்தாள். அட்டைக்குள் நெளிநெளியாக வரி ஓடும். அதன் வாட்டத்தில் மடித்தால் மடியும், குறுக்கே மடித்தால் முறியும். அவள் குறுக்கே மடித்தாள். முறிந்தது. என் கை தானாகவே நீண்டது.

"அப்பா, கைய எடுங்க."

எடுத்தேன். ஆனால் இந்தக் கையை நம்ப முடியாது. இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டேன். பென்சிலால் குத்திக் குத்தி ஒரு ஓட்டை போட்டாள். ஜன்னலாம். ஒன்று நெற்றியிலும் ஒன்று இடுப்பிலுமாக இரண்டு ஜன்னல். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் கிழித்தாள். இத்தனை வாரத்தில் அவள் நாக்கைக் கடித்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன செய்யப்போற பாப்பா?"

"தெரியல. செஞ்சாத்தானே தெரியும்."

கொஞ்ச நேரத்தில் அது கடையாகிவிட்டது. என்ன கடை என்று இன்னும் முடிவாகவில்லையாம். டைம் ஆன்ட்டியிடம் போய், நோட்டீஸ் ஒட்ட வைத்திருந்த பசைக் கிண்ணத்தை வாங்கி வந்தாள். கிழித்த மூடியில் முழங்கைவரை வழிய வழியப் பசை தடவி, கூரையாக மேலே வைத்தாள். கையை எடுத்ததும் சரிந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி சரிந்தது. நான் தொடைக்கு அடியில் கைகளை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

"இதப் பிடிங்கப்பா."

"இப்படியா?"

"ஐயோ, அழுத்தாதீங்க. நேராவும் ஆக்காதீங்க. சும்மா பிடிச்சுக்கோங்க."

சும்மா பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய கூரை. கம்பெனியில் யாராவது பார்த்தால் ஊரைக் கூட்டிச் சிரிப்பார்கள். பசை விரலிடுக்கில் சில்லென்று இறங்கியது. சில்லென்று இருந்தது எனக்குத் தெரிந்தது.

"நேரம் ஆச்சு" என்றார் ஆன்ட்டி. வாசலில் அவள் அம்மா வந்து நின்றாள். மகள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஆன்ட்டி குனிந்து, வழக்கமான கேள்விக்கு வாயைத் திறந்தார். அதற்குள் இவள் பாதி வழியில் நின்று என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அப்பா, இன்னும் காயல. விட்டுடாதீங்க, விழுந்துடும். அடுத்த வாரம் வந்து நான்தான் கதவு வைப்பேன். நீங்க வச்சிடக் கூடாது."

"வைக்கமாட்டேன்" என்றேன். தலையை ஆட்டினேன்.

போய்விட்டாள். மற்ற பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஆன்ட்டி ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, சாவியோடு வந்து என் எதிரில் நின்றார்.

"சார், பூட்டணும்."

"பசை இன்னும் காயலைங்க" என்றேன்.

ஆன்ட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொள்ள எனக்குக் கை இல்லை. இரண்டும் கூரையில் இருந்தன.