அறுநூறு கிராம்

சந்தனம் இரும்புக் கதவின் கொக்கியைத் துண்டுத் துணியால் பிடித்து நீக்கினான். வெறுங்கையால் தொட முடியாத சூடு. துணி உலர்த்துகிற டிரையர் மெஷினுக்கும் பின்சுவருக்கும் நடுவே, ஓர் ஆள் கைகளை விரித்தால் இரண்டு பக்கமும் முட்டுகிற சந்து அது. மெஷினிலிருந்து கசிகிற அனலெல்லாம் அங்கேதான் போய்த் தங்கும். அதற்குள் அவனுடைய மச்சினன் சீனிச்சாமி கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். உடம்பைச் சுற்றிப் பேக்கிங் பாலித்தீன், அதற்கு மேல் எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட தடித்த சட்டைகள் இரண்டு.

"வா மாப்ள, ஏறிப் பாத்துருவோம்."

துணி ரோல்களை நிறுக்கிற மேடைத் தராசில், உடுப்பையெல்லாம் களைந்துவிட்டு ஏறி நின்றான் சீனி. எண்பத்திரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். காலையில் எண்பத்தைந்துக்கு இருநூறு கிராம்தான் குறைவு. மணி இப்போது பன்னிரண்டு.

குத்துச்சண்டையில் லைட் ஹெவிவெயிட் என்றால் எழுபத்தைந்துக்கு மேல், எண்பத்தொன்றுக்குள். மாலை ஐந்து மணிக்கு மண்டபத்தில் எடை பார்ப்பார்கள். எண்பத்தொன்றுக்கு மேல் நூறு கிராம் கூடினாலும் நாளைக்குச் சண்டை கிடையாது. பட்டம் உட்கார்ந்த இடத்திலேயே கோயமுத்தூர்க்காரனுக்குப் போய்விடும். ஆறு மாதத்துக்கு முன்னால் அவனிடம்தான் சீனி இரண்டே பாயிண்டில் தோற்றான். அந்த இரண்டு பாயிண்டைத் திருப்பி வாங்க இன்னொரு வாய்ப்பு வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும் என்று சீனி சொல்லிக்கொண்டிருந்தான்.

யோசனை சந்தனத்தினுடையது. பதினான்கு வருஷமாக அவன் டிரையர் ஓட்டுகிறான். பருத்தி தன் எடையில் ஒரு பங்கு தண்ணீரை எப்போதும் வைத்துக்கொண்டிருக்கும். நூறு கிலோ உலர்ந்த பஞ்சுக்கு எட்டரை கிலோ ஈரம் என்பது நூல் வியாபாரத்தின் கணக்கு. சூட்டை ஏற்றினால் அந்த ஈரமும் போய்விடும். துணி எடை குறைந்து மொரமொரவென்று வரும். பயப்பட வேண்டியதில்லை. வெளியே விரித்துவைத்தால் போதும், காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானே குடித்து மறுநாளைக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். 'உடம்பும் அப்படித்தான் மாப்ள. அஞ்சு மணிக்கு நிறுத்துட்டா, நாளைக்குச் சண்டை வரைக்கும் குடிச்சு ஏத்திக்கலாம்' என்று சொல்லியிருந்தான். பின்சுவர் எக்சாஸ்ட் ஃபேனை நிறுத்தியதும் அவன்தான். காலையில் அவன் மனைவி விஜயராணி தன் தம்பியை வழியனுப்பும்போது, அவனைத் தண்ணி குடுக்காமல் வாட்டாதீர்கள் என்று புருஷனிடம் சொல்லித்தான் அனுப்பினாள். தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள். குடுக்கிறேன் என்று தலையாட்டினான்.

சீனியை மறுபடி உள்ளே விட்டுவிட்டு, மில் கேட்டுக்கு எதிரே இருந்த சாமியப்பன் டீக்கடைக்குப் போனான். ஞாயிறு காலைகளில் அமெரிக்காவில் நடக்கிற சண்டைகளை டிஷ் போட்டுக் காட்டுகிற கடை அது. கட்டிங் மாஸ்டர்களும் தையல்காரர்களும் இட்லிக்கு வருகிறவர்கள், பார்த்துப் பார்த்து நடுவர்களாகவே ஆகிவிட்டிருந்தார்கள். இன்று அமெரிக்கா இல்லை, சீனிதான் பேச்சு.

"போன தடவை எதுக்குங்க தோத்தான்? அந்தக் கோயமுத்தூரான் பீச்சாங்கைக்காரன். அவன் பலமே எடது கையில. நம்ம பையன் சும்மா சும்மா சோத்தாங்கைப் பக்கமே நகந்து நகந்து, அவன் கைக்குள்ளயே போயி நின்னானுங்க" என்றார் சாமியப்பன். கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்று, காலை மாற்றி வைத்துக் காட்டினார். இடக்கைக்காரனிடம் நம் முன்கால் அவன் முன்காலுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும்; அப்போதுதான் நம் வலது கைக்கு வழி திறக்கும், அவன் இடது கைக்கு வழி அடையும். நாலு பேர் டீ கிளாஸோடு எழுந்து அதைச் செய்து பார்த்தார்கள்.

காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்கிற நூருல்லா ஒத்துக்கொள்ளவில்லை. சீனிக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தவர் அவர். காலெல்லாம் இரண்டாவது, வயிற்றில் நாலு குத்து இறங்கினால் எந்தக் கையும் தானாகக் கீழே வரும் என்பது அவர் கட்சி.

"காதர்பேட்டையில வெல பேசறாப்புல பேசாதீங்க பாய். மூணாவது ரவுண்டுல மூச்சு இருக்கோணுமல்ல?" என்றார் சாமியப்பன்.

சிரிப்பு அடங்கியதும் நூருல்லா சந்தனத்தின் பக்கம் திரும்பினார். "எடை எறங்கிருச்சுங்களா?"

"எறங்கிரும் பாய்."

"வேர்வை நல்லா வருதில்ல? அது நின்னுட்டா வெளிய கூட்டிட்டு வந்துருங்க. எங்க மாமு ஒருத்தர் நோம்புக் காலத்துல வெய்யில்ல மூட்டை ஏத்திட்டு…" அவர் முடிப்பதற்குள் யாரோ பந்தயம் கட்டக் கூப்பிட்டார்கள். மாமுவுக்கு என்ன ஆனது என்று சந்தனம் கேட்கவில்லை. ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தான்.

இரண்டு மணிக்கு எண்பத்தொன்று அறுநூறு. சீனியின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"மாமா, வாய மட்டும் கொப்புளிச்சுக்கிறேன்."

சந்தனம் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தான். சீனி அதை வாயில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தான். விழுங்குகிறானா என்று சந்தனமும் அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் சீனி தலையைக் குனிந்து துப்பினான்.

துணி காய்ந்துவிட்டதா என்பதை டிரையர்காரர்கள் உள்ளங்கையால் பார்ப்பதில்லை. உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், பொய் சொல்லும். புறங்கையைத்தான் வைப்பார்கள். பழக்கத்தில் சந்தனம் புறங்கையை மச்சினனின் பிடரியில் வைத்தான். ஒரு சொட்டு வேர்வை இல்லை. காய்ந்து, கொதித்துக்கொண்டிருந்தது. துணியாக இருந்தால் இந்த நேரத்தில் மெஷினை நிறுத்திவிடலாம். சரக்கு தயார் என்று அர்த்தம். சந்தனம் கையை எடுத்தான்.

"போதும் மாப்ள. இதோட விட்டுருவோம்."

"இன்னும் அறநூறு கிராம்தான மாமா. கால் மணி நேரம். நீங்க கதவ சாத்துங்க."

அவன் குரல் தெளிவாகத்தான் இருந்தது. சந்தனம் கதவைச் சாத்தினான். கொக்கியைப் போடாமல், காதைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்து நின்றான். மெஷின் இரைச்சலுக்கு நடுவே கயிறு தரையில் அடிக்கிற சத்தத்தை மட்டும் பிரித்துப் பிரித்துக் கேட்டான். அது சீராக வந்தது. பிறகு தடுமாறி வந்தது. பிறகு சீனி பேசுகிற சத்தம் கேட்டது.

"பெல் அடிச்சாச்சா மாமா? அக்கா எங்க ஒக்காந்துருக்கு?"

கதவைத் திறந்தபோது சீனி சுவரைப் பார்த்துக் கைகளை உயர்த்தி நின்றிருந்தான். எதிரில் யாரோ நிற்பதுபோல இடது காலை வெளிப்பக்கமாக எடுத்து வைத்தான். அப்படியே மடங்கி விழுந்தான்.

சந்தனம் கத்தி ஆள் கூப்பிட்டதும், நாலு பேர் தூக்கி லோடு ஆட்டோவில் கிடத்தியதும், வழியெல்லாம் கேனிலிருந்து தண்ணீரைச் சீனி மேல் ஊற்றிக்கொண்டே போனதும் பிறகு அவனுக்குக் கோவையாக நினைவில் நிற்கவில்லை. இப்போது வேண்டுமளவு குடி என்று சந்தனம் அவன் வாயில் சரித்தான். பல் கிட்டித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டிகளை அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தார்கள். காய்ச்சல் மானியைப் பார்த்த நர்ஸ் அதை உதறிவிட்டு மறுபடி வைத்தாள். எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தார் என்று டாக்டர் கேட்டார். மில்லில் வேலையில் இருந்தான் என்றான் சந்தனம். டாக்டர் சீனியின் உடம்பில் பாலித்தீன் ஒட்டிய தடங்களைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். நாலரைக்குப் பக்கமாக உள்ளிருந்து வெளியே வந்து, சந்தனத்தின் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" நூருல்லாவின் குரலுக்குப் பின்னால் மண்டபத்துக் கூச்சல். "கோயமுத்தூரான் ஏறி எறங்கிட்டான், எண்பது எண்ணூறு. நம்ம பேர ரெண்டு தடவ கூப்புட்டாச்சு. அக்காவும் வந்துட்டாங்க, சாப்பாட்டோட. வெரசா கூட்டிட்டு வாங்க."

சந்தனம் ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொன்னான். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாரும் வந்தார்கள். டீக்கடைக்காரர்கள் தாழ்வாரத்துச் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். அப்போ பட்டம் அவனுக்கே போயிருமா என்று யாரோ பழக்கத்தில் கேட்டுவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார்கள். விஜயராணி உள்ளே போய், மூடியிருந்த துணியை விலக்கித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவள் எழுப்பிய சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டது.  

வெளியே வந்து சந்தனத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மயங்கி விழுந்துட்டானாம்ல. டாக்டர் சொன்னாரு."

"ம்."

"தண்ணி கேட்டானா?"

நூருல்லா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். சந்தனம் நிமிரவில்லை.

"கேக்கல."

அவள் தலையை ஆட்டினாள்.  பிறகு திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை எடுத்து அவன் நெற்றியில் அப்பியிருந்த பஞ்சைத் துடைத்துவிட்டாள்.

"நீங்களும் அந்தச் சூட்டுலதான நின்னுருப்பீக. ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

எழுந்து போய் மூலையிலிருந்த குழாயில் எவர்சில்வர் டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். தண்ணீர் விளிம்பில் தளும்பி விரல்களில் வழிந்தது. அவன் குடித்து முடித்ததும் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம் என்று, அவள் கையை நீட்டியபடியே எதிரில் நின்றாள்.