சரிதாவுக்கு விழுந்த அரைப்பேர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குத் தெரிந்தது ஒரு டீக்கடையில் காதில் விழுந்த மூன்று வாக்கியங்கள் மட்டுமே. மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

வாரப் பத்திரிகை ஒன்றின் கோடைச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டிருந்தார்கள். வெளிநாட்டில் படிக்கிற மாணவி, அங்கே வசந்த விடுமுறை, ஊர் சுற்றல், படிக்கும்போது ஜில்லென்று இருக்க வேண்டும் என்று துணையாசிரியர் போனில் சொன்னார். நானும் அயர்லாந்தை வரைபடத்தில் தேடி எடுத்து, ஒரு இடிந்த கோட்டை, கடலோரப் பாறை, குடை பிடித்தபடி ஒரு இளைஞன் என்று மூன்று பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அந்தக் குடையைத் தவிர வேறு எதையும் நம்ப முடியவில்லை.

அந்த வாரம் கூடலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு நாடுகாணியில் ஒரு டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு தோட்டத்து மேஸ்திரி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஃபாரின்ல படிக்குது அந்தப் புள்ள. ரெண்டு வாரம் லீவுல வந்து கொழுந்து எடுக்குது. மொத நாள் அரைப்பேர்தான் போட்டேன், வேற என்னா—"

பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிக்கொண்டார். அது என் பஸ் இல்லை.

(அரைப்பேர் என்றால்: தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு 'பேர்' விழும். அன்றைக்குக் குறித்த எடையைப் பறிக்காவிட்டால் பாதிதான். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். கற்பனைத் தோட்டம், சட்டதிட்டங்களும் கற்பனை.)

அந்தப் பெண்ணுக்குச் சரிதா என்று பெயர் வைத்தேன். விடுமுறைக்குக் கூடப் படிக்கிறவர்கள் கடற்கரைக்குப் போகும்போது இவள் ஏன் கொழுந்து எடுக்க வந்தாள்? இந்தக் கேள்வி என்னை ஒன்பது நாளாகத் தூங்கவிடவில்லை.

2

முதல் தொடக்கம்: 'மேகங்களைக் கிழித்துக்கொண்டு விமானம் கோயம்புத்தூரில் இறங்கியபோது சரிதாவின் கண்கள்—'

வேண்டாம். விமானத்தில் தொடங்கினால் அடுத்த வரியில் கண் கலங்கியே தீரும்.

இரண்டாவது: 'அறைத்தோழிகள் மூவரும் போர்ச்சுகலுக்கு மூட்டை கட்டினார்கள். சரிதா தேவாலாவுக்கு மூட்டை கட்டினாள்.' (தேவாலா நாடுகாணிக்குப் பக்கம்.) இது பரவாயில்லை. ஆனால் உதவித்தொகையில் படிக்கிற தோட்டத் தொழிலாளி மகளுக்கு விமான டிக்கெட் ஏது என்று ஒரு வாசகர் கடிதம் வரும். சனி ஞாயிறுகளில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிச் சேர்த்தாள். போதுமா? மேலே போவோம்.

மூன்றாவது நிலைத்துவிட்டது:

திங்கட்கிழமை காலை, பெரட்டுக்களம். ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரித்துவிடும் இடத்துக்கு, இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் இன்னமும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். செல்லதுரை மேஸ்திரி சரிதாவின் வெள்ளை ஷூவைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நீ படிக்கிற ஊர்ல தேயிலை இருக்கா புள்ள?"

"டீ இருக்குங்க மேஸ்திரி. செடி இல்ல."

"அப்பக் குடிக்கத் தெரியும். பறிக்கத் தெரியாது. பதினாலாம் நம்பர் மலைக்குப் போ."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சரிதாவும் சிரித்தாள். அவளுடைய அம்மா வீரம்மா மட்டும் சிரிக்காமல், செடி கிழிக்காமலிருக்க மகளின் இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

3

காரணம் வீடுதான். (இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அந்த ஒன்பது நாளும் ஆனது.)

வீரம்மாவுக்கு அந்த மாதத்தோடு வேலைக்காலம் முடிகிறது. முடிந்தால் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குப் பதிந்தால் மட்டும் வீடு அந்தக் குடும்பத்திலேயே நிற்கும். பதிய வேண்டுமானால் அந்த மாதத்தில் பத்து முழுப்பேர் எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு அரை சேர்ந்தால் ஒரு முழு.

அப்பா பொன்னுத்துரை இறந்து ஆறு வருஷம். அண்ணன் சுரேஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்; அம்மா இங்கே வந்து இருக்கட்டும், நீ எதற்குப் போய்க் கஷ்டப்படுகிறாய் என்று அவன் கேட்டான். ஜனவரியில், பனியில் ஜன்னல் வெளுத்திருந்த ஒரு சாயங்காலம், சரிதா அம்மாவிடம் போனில் சொன்ன ஒரே வார்த்தை: "வீட்ட மட்டும் விட்டுடாதம்மா." வீரம்மா மறுநாளே ஆபீசில் போய் விசாரித்தாள்.

திட்டம் எளிமையானது. இரண்டு வார விடுமுறையில் பன்னிரண்டு வேலை நாள். பத்துப் பேர் எடுத்துப் பதிந்துவிட்டு, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. செப்டம்பரில் படிப்பு முடிந்ததும் வருவது. வந்து, அப்புறம்—

இந்த வாக்கியத்தை நான்கு முறை முடித்துப் பார்த்தேன். புள்ளியியலில் பட்டமேற்படிப்பு முடித்தவள் வந்து கொழுந்து எடுப்பாளா? வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பாள் என்று எழுதினேன். அந்த லைனில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்று நானே முந்தின பக்கத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சரிதாவைக் கேட்டால் அவளுக்கும் 'அப்புறம்' என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. அதனால் இருவருமாக அதை அப்படியே விட்டோம்.

இன்னொன்று. அடுத்த வீட்டில் அங்கம்மா. இரண்டு அறையில் ஏழு பேர். தை மாதம் கல்யாணமான மூத்த மகன் முருகனும் அவன் மனைவியும் அடுப்பங்கரையில் படுக்கிறார்கள். வீரம்மா வீடு காலியானால் அது அவர்களுக்கு. ஆபீஸ் பட்டியலில் அடுத்த பெயர் அதுதான். லைன் முழுக்க இது தெரியும். சரிதாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. முதல் ராத்திரியே சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரங்களை ஒதுக்கிப் பாய் விரிக்கிற சத்தத்தில் அவளுக்கே புரிந்தது.

4

முதல் நாள் பதினொரு கிலோ. குறி இருபத்தைந்து. அரைப்பேர்.

இரண்டாம் நாள் பதினான்கு. விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. சாயங்காலம் தொட்டிமேல் ஏறி நின்றாள். போர்ச்சுகலிலிருந்து மணலும் எலுமிச்சை மரமுமாகப் படங்கள் வந்து குவிந்திருந்தன. பதிலுக்குப் பதினாலாம் நம்பர் மலையைப் படமெடுத்து அனுப்பினாள். என்ன அழகு, எந்த ரிசார்ட்டில் தங்கியிருக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். சரிதா நீளமாக ஏதோ எழுதினாள், அழித்தாள், ஒரு இதயப் படத்தை அனுப்பிவிட்டு இறங்கினாள்.

மூன்றாம் நாளும் அரை. நான்காம் நாள் பத்தொன்பது கிலோ, அதுவும் அரை. செல்லதுரை விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: நாலு அரை சேர்ந்து ரெண்டு. பாக்கி எட்டு நாளும் முழுசா விழுந்தால்தான் பத்து. இனி ஒரே ஒரு அரை விழுந்தாலும் முடிந்தது.

அதைக் கேட்டபோது சரிதாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் எழுதினேன். எழுதிய பிறகு அது பொய் என்று தெரிந்தது. அவளுக்கு வந்தது, பாரம் இறங்கினதுபோல மனசில் ஒரு லேசு. வீட்டை நான் விடவில்லை, தராசுதான் விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மாவிடமும் சொல்லலாம், செப்டம்பருக்குப் பிறகு எங்கே என்ற கேள்வியிடமும் சொல்லலாம். அந்த லேசு வந்ததும் அவளுக்குப் பயமாகிவிட்டது. ராத்திரி ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் அப்படியே மூடிவைத்தாள்.

(எனக்கும் அதே லேசுதான். ஐந்தாம் நாள் இருபத்திரண்டு கிலோ, அரைப்பேர், பெட்டி கட்டுகிறாள், மலை பின்னால் போகிறது, முற்றும். இரண்டு பக்கத்துக்குள் அடங்கும்.)

ஐந்தாம் நாள் தராசு இருபத்தாறு காட்டியது.

5

அங்கம்மாவைப் பற்றி ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் அவளை வில்லியாக வைத்திருந்தேன். சரிதாவின் பையை ஒளித்துவைப்பாள், மேஸ்திரியிடம் கோள் சொல்வாள். தொடர்கதை எழுதி எழுதி ஊறிய கை, அடுத்த வீட்டுக்காரி என்றதும் அப்படித்தான் போகும். ஆனால் எந்தக் காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்தப் பொம்பளை நான் சொன்னதைச் செய்யாமல் வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

ஏழாம் நாள் சரிதா ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வரும்போது பார்த்தாள். பாத்தியின் ஓரத்தில் அவளுடைய சாக்கின் வாயைப் பிரித்து, அங்கம்மா தன் சாக்கிலிருந்து இலையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாளின் இருபத்தாறுக்கும் நேற்றைய இருபத்தைந்தரைக்கும் அப்போதுதான் அவளுக்குக் காரணம் தெரிந்தது.

"அத்தை."

அங்கம்மா நிமிரவில்லை. "வந்துட்டியா. இந்தா, இத அமுக்கிக் கட்டு."

"எனக்குப் பத்துப் பேர் ஆயிட்டா வீடு ஒங்களுக்கு இல்ல. தெரியுமில்ல?"

"ஃபாரின் போய்ப் படிச்சாத்தான் இது தெரியுமாக்கும்."

"பின்ன ஏன்?"

அங்கம்மா இடுப்பில் கைவைத்து முதுகை நிமிர்த்தினாள். கீழே லைன் கூரைகள் தெரிந்தன. அவற்றைப் பார்த்தபடியே பேசினாள்.

"நீ வேணாமுன்னு ஒன் வாயால சொல்லு, நாளைக்கே சாமான தூக்கி வைக்கிறேன், ஒரு வெக்கமும் இல்ல எனக்கு. நீ எலை புடுங்கத் தெரியாம தோத்துப் போயி அந்த வீடு எனக்கு வந்துச்சுன்னா, ஒங்கம்மாவ தெனமும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்குறது? முப்பது வருசம் ஒரே பாத்தியில நின்னு எடுத்திருக்கோம் புள்ள. எனக்கு வீடு வேணும். இப்பிடி வேணாம்."

சரிதா சாக்கின் வாயை அமுக்கிக் கட்டினாள். 

அன்று சாயங்காலம் சரிதாவுக்கு முழுப்பேர். அங்கம்மாவின் சாக்கு இருபத்தோரு கிலோ. செல்லதுரை தராசை இரண்டு தரம் பார்த்தார். அவள் கையில் நோவா என்று கேட்டார். வயசாகுதுங்க மேஸ்திரி என்றாள் அங்கம்மா. அவர் சரிதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கம்மாவுக்கு அரைப்பேர் எழுதினார்.

எட்டாம் நாளிலிருந்து சரிதா தன் சாக்கை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு போனாள். இருபத்தைந்தே முக்கால், இருபத்தாறு, இருபத்தாறரை. அவளே பறித்தது. எதற்காக இவ்வளவு வேகமாகப் பறிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்காகவா, அங்கம்மா மறுபடி சாக்கைப் பிரிக்காமல் இருப்பதற்காகவா? குறைவாகப் பறித்தால் அங்கம்மாவின் இலையைத் திருடுவது. நிறையப் பறித்தால் அங்கம்மாவின் வீட்டைத் திருடுவது. புள்ளியியலில் இதற்கு ஒரு சூத்திரமும் சொல்லித்தரவில்லை.

பதினோராம் நாள், அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். ஒனக்கு இந்த வீடு வேணுமா, வேணாமா?

வீரம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "எனக்கு சுரேசு வீட்ல படுத்தாலும் ஒறக்கம் வரும் புள்ள. நீதான் விட்டுடாதன்னு அழுத."

"நான் எப்பம்மா அழுதேன்?"

"அழாமயா நான் ஆபீசுக்குப் போயி நின்னேன்?"

ஆக, மகள் அம்மாவுக்காக வந்திருக்கிறாள். அம்மா மகளுக்காக விசாரித்திருக்கிறாள். வீடு வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவள் அங்கம்மா ஒருத்திதான். அவள் தன் இலையைக் கொண்டுபோய் எதிராளி சாக்கில் போட்டவள்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன. மூன்றும் சரியில்லை.

ஒன்றில் சரிதா பதிந்துவிடுகிறாள். வீரம்மா திருப்பூருக்குப் போகிறாள், மகள் அயர்லாந்துக்கு. நடுவில் வீடு ஐந்து மாதம் பூட்டிக் கிடக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் காலி, அந்தப் பக்கம் அடுப்பங்கரையில் பாய். அந்தப் பூட்டை எழுதிய பிறகு பேனா நகரவில்லை.

இன்னொன்றில் அவள் வேண்டாம் என்கிறாள். அங்கம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (அங்கம்மா அழுகிற ஆள் இல்லை. உங்களுக்காக நான் அழவைத்தேன்.) ஆனால் அடுத்த விடுமுறைக்குச் சரிதா எந்த ஊருக்கு டிக்கெட் தேடுவாள்? திருப்பூரில் அண்ணன் வீட்டு ஹாலுக்கா? அதை எழுத உட்கார்ந்தால் ஜனவரியின் அந்த வெளுத்த ஜன்னல் வந்து மறைக்கிறது.

மூன்றாவதில் மேனேஜர் மனம் இரங்கி இரண்டு குடும்பத்துக்கும் வீடு கொடுக்கிறார். எழுதியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். துணையாசிரியருக்கு இது ரொம்பப் பிடித்தது. கிழித்துவிட்டேன்.

அதனால் எனக்கு உறுதியாகத் தெரிந்த இடம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. நிறுவை ஷெட். சரிதாவின் சாக்கு தராசில் ஏறியது. இருபத்தேழு. முழுப்பேர். பத்து.

செல்லதுரை பதிவேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே, ஃபேக்டரி லாரி வருவதற்குள் சொல்லிவிடு, எழுதவா வேணாமா என்று கேட்டார். வீரம்மா மகளைப் பார்க்காமல் தராசுக் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கம்மாவின் எடை எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. காலி சாக்கை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டு நின்றாள்.

சரிதா வாயைத் திறந்தாள்.

இனி என்னால் ஆகாது. அந்தப் பதிலை நீங்கள் சொல்லுங்கள். ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, நான் குறுக்கே வர மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: மேஸ்திரியைப் பார்த்துச் சொல்லக் கூடாது. அங்கம்மாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.