பவுனு என்கிற பெயரில் வருகிறவர்கள்

சுபாஷிணி தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று எதையும் தொடங்கக்கூடாது என்று தடுக்க வீட்டில் ஆளில்லை. இருந்திருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவது அவளுக்கு அப்போது சுலபமாக இருந்தது. முதலீட்டாளர்கள் "நீங்களே வாங்க" என்றார்கள், ஆட்டினாள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். பூங்கொத்தை நீட்டினார்கள், வாங்கி மேஜைமேல் வைத்தாள். அது அங்கேயே வாடி, பெருக்குகிறவர் எடுத்துக்கொண்டு போனார்.

தில்லி யூசுஃப் சராயில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அலுவலகம். பலகையில் 'ஹெல்த்கேர் டேலன்ட்' என்று கௌரவமாக எழுதியிருக்கும். ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகளையும், வீட்டோடு கிடக்கும் முதியவர்களுக்குப் பார்த்துக்கொள்ளப் பெண்களையும் அனுப்புகிற கம்பெனி. அதை ஆரம்பித்தவர் அவள் கணவர் ஜெயகிருஷ்ணன். என்ன தொழில் என்று யாராவது கேட்டால் "ஆள் சப்ளை" என்று சொல்லிச் சிரிப்பார். போன மார்ச்சில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து சட்டையை மாட்டும்போதே கட்டிலில் சரிந்தார். தில்லியில் எத்தனையோ வீடுகளுக்கு ஆள் அனுப்பியவருக்கு, ஓர் ஆள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சுபாஷிணி பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வருஷக்கணக்காக மனிதவளம் பார்த்தவள். எனவே நாற்காலி அவளிடம் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்பதில்தான் எல்லோருக்கும் ஆச்சரியம். "ஸ்ட்ராங் லேடி" என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பலமாவது மண்ணாவது! பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது மனசு. இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனியில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. ஞாபகம் போன ஒரு முதியவர் முதன்முதலில் எந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாரோ, அவளுக்குப் பின்னால் வருகிற எல்லோரும் அந்த வீட்டில் அவள் பெயரிலேயே இருக்க வேண்டும். ஒரு வீட்டில் முதலில் பிடித்துப்போனவள் பவுனு என்றால், பிறகு சாந்தகுமாரி போனாலும் சரி, ஜார்க்கண்டிலிருந்து வந்த ரோஷ்னி போனாலும் சரி, அந்த வாசற்படி தாண்டினால் பவுனுதான். "அவங்க மூஞ்சியை மறந்துடுவாங்க சுபா. புதுப் பேரு சொன்னாத்தான் பயந்துப்பாங்க" என்பது ஜெயகிருஷ்ணனின் சித்தாந்தம். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய சித்தாந்தங்களைக் கேட்டு அலுத்தவள் அவள்.

நாற்காலியில் உட்கார்ந்த சில நாட்களிலேயே அந்த வழக்கம் வம்பை இழுத்துக்கொண்டு வந்தது. நொய்டாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், செக்யூரிட்டிக்காரரின் போனில் ஒரு பெயரும் வந்து நின்ற பெண்ணின் ஆதாரில் வேறு பெயருமாக இருந்ததால், அவளைக் காலை முழுக்க வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மேலே நோயாளிக்கு இன்சுலின் போட ஆளில்லை. சுபாஷிணி உடனே உத்தரவு போட்டாள். இனி எல்லோரும் எல்லா வீட்டிலும் சொந்தப் பெயரில்தான்.

"மேம், ஸார் இதை ரொம்ப சோச் சமஜ்கே, யோசிச்சுத்தான் பண்ணினார்" என்றான் மாதவ். வேலைக்கு ஆள் பிரித்து அனுப்புகிறவன் அவன். சரோஜினி நகரில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் அவன் வாயில் பாதி வழியில் இறங்கிக்கொள்ளும்.

"நாளைக்குப் போலீஸ் வந்து இவ யாருன்னு கேட்டா, ஸார் வந்து பதில் சொல்வாரா மாதவ்?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு அப்படிச் சொன்னதில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மெயிலைத் திறந்தாள்.

உத்தரவில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. எல்லா வீடுகளும் இரண்டொரு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டன, ஒரு வீட்டைத் தவிர. லக்ஷ்மிபாய் நகரிலிருந்து வைதேஹி போன் செய்தாள். மத்திய அரசில் வேலை, அரசாங்கக் குவார்ட்டர்ஸ், கூடவே ஞாபகம் தவறிய அப்பா சேஷு.

"மேடம், அப்பா நேத்துலேர்ந்து ஒரு பருக்கை உள்ள விடலை. ரோஷ்னி தன் பேரைச் சொன்னாளோ இல்லையோ, 'யாரு இவ, வெளியில போகச் சொல்லு'ன்னு ஒரே ரகளை. டாக்டர் சாயந்திரம் வரைக்கும் பாத்துட்டு அட்மிட் பண்ணிடுங்கோங்கறார். மூக்குல டியூப் போடணுமாம். இவர் பிடுங்கிடுவார், கையைக் கட்டிடுவா. எங்கம்மாவுக்கு அப்படித்தான் கட்டினா. இவருக்கும் அதைப் பாக்க என்னால முடியாது மேடம்."

"பழையபடி பவுனுன்னே சொல்லச் சொல்லுங்க."

"சொல்லிப் பாத்தாச்சு. இப்ப நம்ப மாட்டேங்கறார். 'நீ பவுனுன்னா நிகில் எங்கேன்னு சொல்லு'ங்கறார். அவ சொன்னாலும் பொய்ங்கறார்."

சுபாஷிணிக்கு அந்தப் பெயர் தெரியும். நிகில் வைதேஹியின் அண்ணன், ஜெயகிருஷ்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவன், கல்லூரி முடித்த வருஷமே ரிங் ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டுப் போனவன். சேஷு அதை மறந்துவிட்டார். ஒருநாள் ஜெயகிருஷ்ணனைப் பார்த்து "வாடா நிகில்" என்றார். இவர் "வந்துட்டேம்ப்பா" என்றார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் போய் நிகிலாக உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருவார். கம்பெனியின் அந்த வழக்கமே அங்கே முளைத்ததுதான். சுபாஷிணி ஒருமுறை "பச்சைப் பொய் இது" என்று முகத்தைச் சுளித்தாள். "பொய்தான்" என்று ஒத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமையும் போனார்.

மார்ச்சுக்குப் பிறகு நிகில் வரவில்லை. ரோஷ்னிதான் சமாளித்திருக்கிறாள். வைதேஹி சொல்லிக்கொடுத்த அரைகுறைத் தமிழில் "நிகில் அண்ணா டூர்" என்று தினமும் சொன்னாள், கிழவரும் நம்பினார். பவுனு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அல்லவா? அந்தப் பவுனுவைத்தான் சுபாஷிணியின் உத்தரவு வீட்டைவிட்டுத் துரத்தியிருந்தது. சாட்சி போனதும் நிகிலும் காணாமல் போய்விட்டான்.

"நான் வரேன்" என்று போனை வைத்தாள். நோயாளி வீட்டுக்குத் தலைமை நிர்வாகி போகிற வழக்கமில்லை என்று மாதவ் சொல்ல வாயெடுத்தான், பிறகு ஆட்டோ கூப்பிடப் போய்விட்டான்.

ஜூன் வெயில் ஆட்டோவின் இரண்டு பக்கமும் அனலாக அடித்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட் வாசலில் யாரோ வாழையிலைக் கட்டை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்தாள், ஆனால் எதையும் பார்த்ததாகத் தோன்றவில்லை. போய் என்ன பேசுவது என்றும் யோசிக்கவில்லை. ஒரு புகார் வந்திருக்கிறது, தீர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி எத்தனை!

கதவைத் திறந்த வைதேஹியின் கண்கள் வீங்கியிருந்தன. உள்ளறையில், கூலருக்கு எதிரே, சேஷு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஃபைலைத் திருப்பி அனுப்பப் போகிற அதிகாரியின் முகம். சுவரோரமாக ரோஷ்னி தயிர்சாதக் கிண்ணத்தோடு நின்றாள்.

"யாரும்மா நீ?" என்றார்.

"சுபாஷிணி."

"அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதடுகள் இறுகி மூடின. உலர்ந்து வெடித்த உதடுகள். தொண்டை ஒருமுறை எச்சில் விழுங்கப் பார்த்து, இல்லாமல் நின்றது.

வைதேஹி கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை சுபாஷிணி பார்த்துவிட்டாள்.

"பவுனு" என்று கூப்பிட்டாள்.

ரோஷ்னி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். உத்தரவு போட்ட அம்மாவே இப்படிக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

"உன்னைத்தான் பவுனு. அப்பாவுக்குச் சாதம் குடு." பிறகு சேஷுவிடம், "இவ பவுனுதாம்ப்பா. பேரை மாத்திச் சொல்லச் சொன்னது நான்தான். என் தப்பு" என்றாள்.

அப்பா என்ற வார்த்தை அவரைத் திரும்ப வைத்தது. அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"நீ... நிகில் ஆத்துக்காரியோ?"

வைதேஹி கதவருகிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள்.

"ஆமாம்ப்பா."

"அதான் பார்த்தேன்! இத்தனை நாளாச்சு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? அவன் எங்கே?"

"டூர் போயிருக்கார்."

"எந்த ஊரு?"

"புவனேஸ்வர்" என்றாள். எந்த ஊர் பெயர் வாயில் வந்ததோ அது.

"சாப்பாடெல்லாம்?"

"கெஸ்ட் ஹவுஸ்ல நல்லாப் போடறாங்களாம்."

அவருக்குத் திருப்தி. ரோஷ்னியைப் பார்த்து வாயைத் திறந்தார். முதல் ஸ்பூன் உள்ளே போயிற்று, பின்னாலேயே இரண்டாவதும். வைதேஹி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புகார் தீர்ந்தது, கிளம்பலாம் என்று சுபாஷிணி கைப்பையை எடுத்தாள்.

"ஏம்மா" என்றார் சேஷு, மென்றுகொண்டே. "உன்கிட்டயாவது சொல்லிண்டு போனானா?"

அவள் வாயைத் திறந்தாள். 'சொல்லிட்டுத்தான் போனார்' என்பது வரவேண்டும். மற்றப் பொய்கள் எவ்வளவு லட்சணமாக வந்தன! இந்த ஒன்று மட்டும் வரவில்லை. பாதி மாட்டிய சட்டை கண்முன் வந்தது. ஒரு பொத்தான்கூடப் போடவில்லை. அவள் அடுப்படியிலிருந்து "டிபன் ஆறிப் போகுது" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"இல்லைப்பா" என்றாள். "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டார்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து, வெட்கமில்லாமல், தலைமை நிர்வாகி என்று பார்க்காமல், கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வலித்தது. சொல்லாமல் போனவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, அப்படி ஓர் ஆசையும் வந்தது. ரோஷ்னியின் கை கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

சேஷு கையை நீட்டி அவள் தலைமேல் வைத்தார்.

"அழாதே. அவன் வரட்டும், நான் கேக்கறேன்."