பதினொண்ணும் பதிமூணும்

என் வீட்டுக்காரர் மண்டையை உடைச்சது நான்தான். கேட்கிறவங்ககிட்ட எல்லாம் கதவு இடிச்சிடுச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறார். சொல்லிக்கட்டும்.

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே வாரத்துல பிரசவம். அவளுக்கு மாசம் நிறைஞ்சு, கொழுகொழுன்னு பையன். எனக்கு எட்டு மாசத்துலயே வயித்தைக் கிழிச்சுப் பொண்ணை எடுத்தாங்க. ரெண்டுக்கும் மஞ்சள் காமாலை. பையன் ரத்தத்துல மஞ்சள் பதிமூணு. அடிக்கடி பால் குடுங்க, நாளன்னைக்குக் கொண்டு வந்து காட்டுங்கன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் பொண்ணுக்குப் பதினொண்ணு. கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில போட்டுட்டாங்க.

இவருக்கு லாரி எடை மேடையில வேலை. எடை கூடின வண்டியை ஓரங்கட்டறதுதான் பிழைப்பு. "பதிமூணு வீட்டுக்குப் போகுது, பதினொண்ணு உள்ள கிடக்குதா? யார் காதுல பூ சுத்தறீங்க?"ன்னு குதிச்சார்.

"குறைமாசக் குழந்தைங்க. நிறைமாசக் குழந்தை தாங்கறதை இது தாங்காது. மஞ்சள் மூளைக்கு ஏறிட்டா அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. மண்டையில ஏறினாத்தானே.

மறுநாள் மத்தியானம் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டு வர்றேன், உள்ள ஒரே ரகளை. மறிச்ச நர்ஸைச் சுவத்துல தள்ளியிருக்கார், அவங்க உதடு கிழிஞ்சு ரத்தம். வாட்ச்மேன் மூக்குல ஒரு குத்து. அந்த ஆள் அலமாரி மேல விழுந்து கண்ணாடி நொறுங்கிக் கிடக்கு. என் பொண்ணை ஒத்தைக் கையில தூக்கிக்கிட்டு நிக்கிறார், வீட்டுக்குக் கொண்டு போறாராம். அவ்வளவு சத்தத்துக்கும் அது அழல. ஈரத்துணி மாதிரி தொங்குது.

கிண்ணத்தைப் போட்டுட்டு அவர் மணிக்கட்டைக் கடிச்சேன். பல் உள்ள இறங்குச்சு. பிடி தளர்ந்ததும் பிள்ளையைப் பிடுங்கி நர்ஸ் கையில குடுத்தேன். மறுபடி பாய்ஞ்சார். குளுக்கோஸ் மாட்டற இரும்புக் கம்பியை எடுத்து ஒரு வீசு வீசினேன். புருவத்துக்கு மேல பிளந்துக்கிச்சு. என் வயித்துத் தையலும் பிரிஞ்சு புடவை நனைஞ்சுது.

"பதினொரு டன் ஏத்தின சின்ன லாரியை நீ மடக்கறியா இல்லையா?" கல்யாணமானதுல இருந்து அவரை நீன்னு சொன்னதே இல்லை. "பதிமூணு டன் ஏத்தின பெரிய லாரியை விடறியா இல்லையா? சின்ன வண்டிக்கு அச்சு முறிஞ்சிடும்னு ஊருக்கே சொல்லுவியே, என் பொண்ணுக்கு எவ்வளவு பெரிய அச்சுன்னு நினைச்சே?"

அவர் ரத்தத்தைத் துடைக்காம அப்படியே தரையில உட்கார்ந்துட்டார்.

சாயங்காலம் மஞ்சள் பதினாலு ஆயிடுச்சு. அடியிலயும் ஒரு விளக்கு வெச்சாங்க. இன்னும் ஏறினா ரத்தத்தையே மாத்தணும்னாங்க. நான் அந்தப் பெட்டியை விட்டு நகரல.

அப்புறம் ஒரு காலையில, ரத்தம் எடுக்கக் குதிகால்ல ஊசி குத்தினப்ப என் பொண்ணு வீல்னு கத்துச்சு பாருங்க. வெளியில தலையில கட்டோட கிடந்தவர் ஓடி வந்து வாசல்லயே நின்னுட்டார். உள்ள வர அவருக்கு அனுமதி இல்லை.

ரத்த ரிசல்ட் வந்ததும், "எவ்வளவு?"ன்னார்.

"ஒன்பது."

"சின்ன லாரிக்கு அது சரியா?"

எனக்கு அழுகை வந்துடுச்சு. "உதடு கிழிஞ்சவங்க அதோ நிக்கிறாங்க"ன்னேன். "அவங்களைக் கேளுங்க."