ஸ்னாலிகாஸ்டர்

சவப்பெட்டியை மூட வந்தவர்களை டுவைட் கைகாட்டி நிறுத்தினான். அம்மாவின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதை நேராக்கும்போது பின்னால் சலசலப்பு எழுந்தது. அந்தக் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, தேர்தலில் ஜெயித்து நிர்வகிக்கும் கமிஷனர் ஸ்டோவால், தொப்பியை மார்பில் அணைத்தபடி தேவாலயத்தின் நடுவழியே வந்துகொண்டிருந்தார்.

"இவன் எதுக்கு வந்தான்?" என்றார் அப்பா ஆர்வில். காது மந்தம் என்பதால் அவர் கிசுகிசுத்ததுகூடக் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

மனைவி ஜனெல் டுவைட்டின் முழங்கையைப் பிடித்தாள். "வாயைத் திறக்காதே. உன் வேலை அந்தாள் கையில இருக்கு."

அது உண்மைதான். கவுண்டியின் மண்சாலைகளைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டுகிறவன் அவன்.

அம்மா ஆல்பெர்ட்டா பெண்களுக்கு முடி சுருட்டிவிடும் கடை வைத்திருந்தாள். கவுண்டிக் கூட்டம் எது நடந்தாலும் எழுந்து நின்று ஸ்டோவாலை 'ஸ்னாலிகாஸ்டர்' என்பாள். முதல் தடவை அவர் சிரித்தார். "அப்படி ஒரு வார்த்தையே கிடையாதும்மா." அடுத்த கூட்டத்துக்கு நூலகத்தின் தடித்த அகராதியைத் தூக்கி வந்து அவர் மேஜைமேல் தொப்பென்று போட்டாள். அதன்பிறகு ஊரே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. வேலி தாண்டும் மாட்டைக்கூட அப்படித்தான் திட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு நெஞ்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் பக்கத்துக் கவுண்டிக்குப் பறந்தது. வழியில், பூட்டிக் கிடந்த ஊர் ஆஸ்பத்திரியைக் கடந்தபோது அம்மா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஆற்றுப் பாலம் வருவதற்குள் டுவைட்டின் கைக்குள் இருந்த அவள் கை தளர்ந்துவிட்டது.

இப்போது பெட்டியை மூடியாயிற்று. ஜெபம் முடிந்ததும், "கமிஷனர் ரெண்டு வார்த்தை பேசணும்னு பிரியப்படறார்," என்றார் பாஸ்டர், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஸ்டோவால் மேடையேறினார். "ஆல்பெர்ட்டாவும் நானும் பழைய சிநேகிதங்க. எனக்கு அவங்க ஒரு செல்லப்பேர் வச்சிருந்தது உங்க எல்லாருக்கும் தெரியும்." சிலர் சங்கடமாகச் சிரித்தார்கள். "அதுக்கு அர்த்தம் என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அதை அவங்க வாயால இனிமே கேக்க முடியாதேன்னு..." கைக்குட்டையை எடுத்தார்.

செல்லப்பேர். டுவைட்டுக்குக் காது சுட்டது. எழுந்தான். ஜனெல் கோட்டைப் பிடித்து இழுத்தாள், விடுவித்துக்கொண்டான்.

"அர்த்தம் நான் சொல்றேன், கமிஷனர்."

"டுவைட், அப்புறமா தனியா..."

"அகராதியை உங்க மேஜையிலயே வச்சாங்க. நீங்க திறக்கல. கெட்டிக்காரன், ஆனா நேர்மை கிடையாது. பதவி கிடைக்கும்னா எதையும் சொல்லுவான், எதையும் செய்வான். அப்படிப்பட்ட அரசியல்வாதிக்குத்தான் அந்தப் பேரு. செல்லப்பேர் இல்ல."

அவன் உட்காரவில்லை.

"வாக்கியத்துல வச்சும் சொல்லிடறேன். ஆஸ்பத்திரியை மூடவே மாட்டேன்னு எங்கம்மா கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு, ஜெயிச்ச வருஷமே பூட்டுப் போட்டவர் ஒரு ஸ்னாலிகாஸ்டர்."

ஸ்டோவால் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"இறங்கி வாய்யா," என்றார் அப்பா, கணீரென்று. "பாட்டு பாடணும்."

ஸ்டோவால் இறங்கினார். பாட்டு தொடங்குவதற்குள் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பிடக் கூடினார்கள். ஜனெல் தன் தட்டோடு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். ஸ்டோவாலுக்கே எப்போதும் ஓட்டுப் போடும் ரீபா, அவன் தட்டில் கேட்காமலே இரண்டு துண்டு பன்றித்தொடை இறைச்சியை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

மேஜைமேல் அவன் செல்போன் அதிர்ந்தது. சாலைத்துறை மேற்பார்வையாளர். டுவைட் அதைக் கவிழ்த்து வைத்தான்.

அப்பா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பல்செட் கட்டிய நாளிலிருந்து அவருக்கு இறைச்சி வெட்டித் தருவது அம்மாதான். டுவைட் தட்டைத் தன் பக்கம் இழுத்து, கத்தியை எடுத்து வெட்ட ஆரம்பித்தான்.

அப்பா குனிந்து துண்டுகளைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சின்னதா," என்றார்.