கொட்டாஞ்சேனை வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

யோகேஸ்வரியை உங்களுக்குத் தெரியாது, செல்லங்களே. கொழும்பு வெள்ளவத்தையில் என் பக்கத்து பிளாட்டில் இருந்து பிளவுஸ் தைப்பவள். பிள்ளைகள் இல்லை, புருசனும் போய்விட்டார். ஊசியில் நூல் கோர்க்க அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடத் தொடங்கிய வருடத்தில், தையல் நின்றால் சோற்றுக்கு என்ன வழி என்று யோசித்தாள். வாடகைக்கு விட ஒரு சின்ன வீடு வாங்கத் துணிந்தாள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் இரண்டு அறை வீடு. கூரை ஒழுகியதால் விலை குறைவு. ஆனாலும் கைக்காசும் தாலிக்கொடி விற்ற காசும் பாதிக்குத்தான் கண்டது. மீதிக்கு வங்கிக்குப் போனால், தையற்காரிக்குச் சம்பளச் சிட்டை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். தம்பி கதிர்காமநாதனுக்குப் பம்பலப்பிட்டியில் மாதச் சம்பளத்துக்குக் கந்தோர் வேலை. “என்ரை பேரிலை எடுப்பம் அக்கா. கடன் முடிய உன்ரை பேருக்கு மாத்தி எழுதுவம்” என்றான். கடனும் வீட்டு உறுதிப் பத்திரமும் அவன் பேரில். மாதத் தவணை அவள் கையால். கூடப் பிறந்தவனிடம் யார் கடதாசி கேட்பார்கள்? நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

திருத்த வேலையை ஸ்ரான்லி என்ற மேசனிடம் கொடுத்தாள். ஒருகொடவத்தையில் உடைத்த களஞ்சியம் ஒன்றின் கதவுகளை மலிவாக வாங்கி, லொறியின் முன் சீற்றில் தானே இருந்து கொண்டுவந்தாள். டைல்ஸ் கடைகளில் மிஞ்சிக் கிடந்த ஒற்றைப் பெட்டிகளைப் பொறுக்கினாள். குசினியில் மட்டும் மூன்று நிறம். இது வீடோ, டைல்ஸ் கடையின் சாம்பிள் பலகையோ என்று ஸ்ரான்லி பகிடி பண்ணுவானாம். வாடகைக்கு வருகிறவர்கள் வாடகையைத்தான் பார்ப்பார்கள், நிலத்தையில்லை என்பாளாம் இவள்.

பூச்சு காயும் முன்பே ஆள் கிடைத்தது. அவளிடம் உடுப்புத் தைக்கக் கொடுக்கும் றலியா டீச்சர். முதலாம் திகதி வருவதாகச் சொல்லி, இருந்த வீட்டையும் விடுவதாக அறிவித்துவிட்டாள். யோகேஸ்வரி முற்பணம்கூட வாங்கவில்லை. வாய்ச்சொல் போதும் என்றாள்.

அந்தக் கிழமை ஞாயிறு, அவளும் ஸ்ரான்லியும் மிச்ச வேலையில் நின்றபோது, கதிர்காமநாதன் ஒரு புருசனையும் மனைவியையும் அந்த வீட்டுக்குக் கூட்டி வந்தான். வாடகைக்குக் கேட்டு வந்தவர்களாக்கும், கொடுத்தாயிற்று என்று பதமாய்ச் சொல்லுவோம் என்று அவள் தேநீர் ஊற்றினாள். அந்த அம்மா பெரிய அறையில் ஏசி பூட்டலாமா என்று விசாரித்தார். மேலே ஒரு தட்டு எழுப்ப அத்திவாரம் தாங்குமா என்று அவர் கணவர் கேட்டார். வாடகைக்கு வருகிற மனிதர் எதற்கு மாடி எழுப்புகிறார் என்று இவளுக்குத் திகைப்பு.

பிறகு அந்த அம்மா கதிர்காமநாதனிடம் சொன்னார்: “இந்த டைல்ஸைக் கிளப்பிப்போட்டு ஒரே நிறமாப் போட்டுத் தாங்கோ. கலியாணத்துக்கு முதல், வங்கியிலை கிடக்கிற உறுதியை மீட்டு சுபோதினியின்ரை பேருக்கு எழுதினால் எங்களுக்குக் காணும்.”

சுபோதினி கதிர்காமநாதனின் மகள். வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். வீட்டைச் சீதனமாகப் பேசி முடித்திருக்கிறான்.

யோகேஸ்வரி தேநீர்த் தட்டை வைத்தாள். “இது நான் வாங்கின வீடு” என்றாள்.

கதிர்காமநாதன் சிரித்தான். “அக்காதான் நிண்டு வேலையெல்லாம் பாத்தவ. பாத்துப் பாத்து இப்ப தன்ரை எண்டே நினைக்கிறா.”

கூலி தந்தது அக்காதான் என்று ஸ்ரான்லி வாய் திறந்தான். தான் கொடுத்துவிட்ட காசுதான் அது என்றான் கதிர்காமநாதன். வந்தவர்களும் சிரித்தார்கள்.

அவர்கள் போனபின் தம்பியிடம் கேட்டாள். அவன் குரலை உயர்த்தவில்லை. காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுவானாம். “உனக்கென்ன பிள்ளை குட்டியோ அக்கா? கடைசியிலை ஆருக்குக் குடுக்கப் போறாய்?” என்றும் கேட்டான்.

அன்று பின்னேரம் என் பிளாட்டில் இருந்துதான் றலியாவுக்கு போன் எடுத்தாள். வீடு இல்லை என்று சொன்னாள். மறுமுனையில் றலியாவின் குரல் உயர்ந்தது.

“வேற யாரும் வாடகைக்குக் கூடச் சல்லி தாறதாச் சொன்னாங்களா அக்கா? நான் இருந்த வீட்டையும் விட்டுட்டனே.”

பக்கத்தில் இருந்த எனக்கே அது கேட்டது. உள்ளதைச் சொல்லு என்று கையால் காட்டினேன். உள்ளதைச் சொல்வதென்றால் தம்பியைக் கள்ளன் என்று பிறத்தியாருக்குச் சொல்லவேண்டும். அவளால் அது முடியவில்லை.

“ஓம் டீச்சர்” என்றாள். “கூடத் தாறம் எண்டினம்.”

அதற்குப் பிறகு றலியா அவளிடம் உடுப்புத் தைக்கக் கொடுக்கவில்லை.